முள்ளடிவிளைக்குக் கம்பெனி செய்த நன்மை

போன மாதம் ஒரு போன் வந்தது. நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற காற்றாலைக் கம்பெனியை இப்போது வேறொரு கம்பெனி வாங்கிவிட்டது. ஆரல்வாய்மொழிப் பக்கம் நின்ற எங்கள் பழைய குட்டைக் காற்றாலைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, அண்ணாந்து பார்த்தால் கழுத்து பிடித்துக்கொள்கிற உயரத்தில் புதியவற்றை நிறுத்தப் போகிறார்கள். அதற்காகச் சேர்த்திருக்கும் புது மக்கள் தொடர்பு அலுவலர்களுக்கு நான் வந்து பாடம் எடுக்க வேண்டுமாம். பேசியவள் ஒரு பெண். மரியாதையான குரல். "காற்றாலையால உள்ளூர் மக்களுக்கு என்ன நன்மைன்னு ஒரு பத்து பாயிண்ட் சொன்னாப் போதும் சார். கொஞ்சம் பாசிட்டிவா இருக்கட்டும்" என்றாள்.

பத்துக்கு நான் எங்கே போவேன்? பஞ்சாயத்துக்கு வரி வந்தது, ஐ.டி.ஐ. படித்த சிலருக்கு வேலை கிடைத்தது, டீக்கடைகள் பெருகின. இதையெல்லாம் எல்லோரும் சொல்வார்கள். என் கண்ணால் முழுசாகப் பார்த்த நன்மை ஒன்றே ஒன்றுதான். அது கம்பெனி செய்ய நினைத்த நன்மையும் இல்லை, கம்பெனி தோண்டி எடுக்க நினைத்த நன்மை. மைக்கைப் பிடித்துக்கொண்டு இதைச் சொன்னால் அந்தப் பெண்ணின் வேலைக்கு ஆபத்து. ஆகவே அங்கே போய்ப் பொதுவாகப் பேசிவிட்டு வந்து, மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

நான் எலெக்ட்ரீஷியன். நாகர்கோவிலில் ஐ.டி.ஐ. முடித்தேன், கொஞ்ச காலம் ஒரு ஆலையில் கிரீஸும் கரியுமாகக் கிடந்தேன், பிறகு எங்கள் ஊர் வழக்கப்படி கல்ஃபுக்குப் போனேன். மணற்காற்று தின்று அலுத்துப்போய் 2004-ல் திரும்பி வந்தால், ஊரிலும் காற்றில்தான் வேலை காத்திருந்தது. காற்றாலைக்குள் ஏணி பிடித்து ஏறி, உச்சியில் இருக்கும் எந்திரத்துக்குப் பண்டுவம் பார்க்கிற வேலை. சில ஆனி ஆடிகள் ஏறி இறங்கியதில் முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்பதை நிறுத்திக்கொண்டது. வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்திருந்த நேரத்தில், ஒவ்வொரு தளத்திலும் ஊர் நல அலுவலர் என்று ஒருவர் இருக்க வேண்டும் என்று தலைமை அலுவலகம் உத்தரவு போட்டது. கால் வேண்டாம், வாய் போதும். எனக்கு வாய் இருப்பதைப் பற்றி அங்கே யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. சர்ச் கமிட்டியில் இருந்தவன் என்பதால் போதகரையும் தெரியும், சீட்டுக் கச்சேரியில் இருந்தவன் என்பதால் கோயில் டிரஸ்டிகளையும் தெரியும். அப்படியாக நான் மக்களுக்கு நன்மை செய்கிறவன் ஆனேன்.

எனக்கு மேலே தள மேலாளர் வரதராஜன். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், தோட்டம் துரவு உள்ள குடும்பம். கோபமே வராது. முடியாது என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. யார் வந்து எதைக் கேட்டாலும், "நல்ல யோசனைங்க, பண்ணிரலாமுங்க" என்பார். கேட்டவர் கும்பிட்டுவிட்டுச் சந்தோஷமாகப் போவார். வாசலைத் தாண்டியதும் என் பக்கம் திரும்பி, "அவரு என்னங்க கேட்டாரு?" என்பார்.

காற்றை விற்றுப் பிழைக்கிற கம்பெனியில் காற்றே பிடிக்காத மனிதர் அவர் ஒருவர்தான். தலையில் மிஞ்சியிருந்த முடியை இடது காதோரத்திலிருந்து வலது காதுக்கு, நாற்று நட்டதுபோல வரிசையாக அடுக்கி வைத்திருப்பார். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றுக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியாது. அதனால் ஜீப்பின் கண்ணாடியை இறக்கவே மாட்டார். ஊர்க்காரர்கள் வெளியே நின்று குறை சொல்வார்கள். அவர் உள்ளே இருந்து, அசைகிற வாய்களைப் பார்த்துத் தலையாட்டுவார். நான் பின்னால் இறங்கி நின்று, சார் கவனத்தில் எடுத்துக்கொண்டார் என்று சொல்வேன்.

நன்மை செய்வதற்கு ஒரு முறை உண்டு. முதலில் தேவையறியும் கூட்டம். பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலி அடுக்கி, பின்னால் ஃப்ளெக்ஸ் கட்ட வேண்டும். எங்கள் பக்கம் ஃப்ளெக்ஸ் கட்டுகிறவர்கள் முதலில் அதில் பிறை பிறையாக வெட்டிவிடுவார்கள், காற்று நுழைந்து போவதற்கு. கம்பெனி பெயரில் ஓட்டை விழக்கூடாது என்று வரதராஜன் சார் தடுத்துவிட்டார். வரவேற்புரை முடிவதற்குள் கம்பெனி பெயர் பக்கத்துத் தென்னந்தோப்புக்குப் போய்விட்டது. பிறகு மக்கள் எழுந்து ஒவ்வொருவராகத் தேவையைச் சொல்வார்கள். சார் எல்லாவற்றுக்கும் பண்ணிரலாமுங்க என்பார். கூட்டம் முடிந்ததும் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். "இதுல எதுலங்க கம்பெனி பேரு போட இடம் இருக்குது?"

அந்த அளவுகோலில்தான் எல்லா நன்மையும் நடந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பை கொடுத்தோம், பையில் இடம் இருந்தது. வாங்குகிற பிள்ளை பையைப் பார்க்கக்கூடாது, கேமராவைப் பார்க்க வேண்டும். கண் சிகிச்சை முகாம் நடத்திக் கண்ணாடி கொடுத்தோம், கண்ணாடிக் கூட்டில் இடம் இருந்தது. அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிழவர்கள் எங்கள் காற்றாலையைத் தெளிவாகப் பார்த்தார்கள். முள்ளடிவிளை என்ற ஊருக்குப் பேருந்து நிழற்குடை கட்டிக் கொடுத்தோம். நெற்றியில் நீளமாக இடம் இருந்தது. அந்த ஊருக்குப் பேருந்து கிடையாது என்பதை நான் சொன்னேன். "நிழல் இருந்தா நல்லதுதானுங்களே தாஸ்" என்றார். உண்மைதான். ஆடுகள் ரொம்ப நன்றியோடு அதைப் பயன்படுத்தின.

இனி அந்த முள்ளடிவிளை. தோவாளையிலிருந்து வடக்கே, மலையடிவாரத்தில், பிச்சிப்பூ வைத்துப் பிழைக்கிற சின்ன ஊர். நெடுஞ்சாலைக்கும் ஊருக்கும் நடுவில் வயலும் கால்வாயும். கால்வாய்க் கரையில் ஒற்றையடிப் பாதை, அவ்வளவுதான் வழி. பெண்கள் இருட்டோடு எழுந்து மொட்டைப் பறித்து, கடவப்பெட்டி என்கிற பெரிய ஓலைக் கூடையில் வைத்து, தலையில் தூக்கிக்கொண்டு கரை வழியாகப் போய் நெடுஞ்சாலையில் வண்டி பிடிக்க வேண்டும். பிச்சி மொட்டாகச் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் விலை. வெயில் பட்டு இதழ் விரிந்துவிட்டால் தோவாளை வியாபாரி அதைக் கையால்கூடத் தொட மாட்டார். மழைக்காலத்தில் கரை வழுக்கிக் கடவத்தோடு கால்வாயில் விழுந்தவர்களும் உண்டு.

முதல் கூட்டத்திலேயே சரஸ்வதி எழுந்து கேட்டாள். பூக்காரப் பெண்களில் வாய்த்துடுக்கானவள், எல்லோரும் சரசக்கா என்பார்கள். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். மின்வெட்டுக் காலம் அது. எங்கள் காற்றாலைகள் மேலே சுழன்றுகொண்டிருக்கும், கீழே ஊர் முழுவதும் இருட்டிக் கிடக்கும்.

"தலைக்கு மேல நின்னு கரண்டு காய்ச்சுதிய. எங்க வீட்டுல மண்ணெண்ணெய் விளக்கு எரியுது. சரி, அதையும் தராண்டாம். பை வேண்டாம், கண்ணாடி வேண்டாம். ஒரு டெம்போ ஊருக்குள்ள வாறதுக்கு வழி மட்டும் போட்டுத் தாருங்க. நாங்க பொழச்சிக்கிடுவோம்" என்றாள்.

"நல்ல யோசனைங்க, பண்ணிரலாமுங்க" என்றார் சார். ஊர் கை தட்டியது. அதன் பிறகுதான் நிழற்குடை வந்தது.

ஆனால் வழியும் வந்தது, சார் நினைக்காமலே. ஊருக்குப் பின்னால் பாறைமேட்டில் பெரிய காற்றாலை ஒன்று நிறுத்துவதென்று முடிவாயிற்று. அதன் இறக்கை ஒவ்வொன்றும் நாலைந்து மீன்பிடி வள்ளங்களை வரிசையில் நிறுத்தினால் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம். அதைச் சுமந்து வரும் லாரி ஒற்றையடிப் பாதையில் வர முடியாது. ஆகவே கம்பெனி நெடுஞ்சாலையிலிருந்து பாறைமேடு வரை துண்டு துண்டாக நிலம் வாங்கி, சரளைக்கல் கொட்டி, ரோலர் ஓட்டி, அகலமான பாதை ஒன்று போட்டது. பாதை முள்ளடிவிளையை உரசிக்கொண்டு போயிற்று. இறக்கை வந்த அன்று ஊரே கூடி நின்று பார்த்தது. மறுநாள் விடிகாலை, இறக்கை வந்த தடத்திலேயே ஒரு டெம்போ வந்து நின்றது. சரசக்கா ஏற்பாடு. கிரேன்காரர்களும் லாரிக்காரர்களும் போய்வருகிற பாதையில் ஒரு டெம்போவை யார் தடுக்கப் போகிறார்கள்?

அந்த மாதங்களில் முள்ளடிவிளைப் பூ விரியாமல் சந்தைக்குப் போயிற்று. சரசக்கா அதோடு நிற்கவில்லை. வருடக்கணக்காகத் தரிசாகக் கிடந்த தன் நிலத்தைக் கொத்தி, முழுதும் பிச்சிக் கன்று வைத்தாள். இருந்த நகையெல்லாம் அதில் போயிற்று. "வழி இருக்கில்ல மக்கா, இனி என்ன பயம்?" என்று என்னிடம் சொன்னாள். நானும் ஆமாம் என்றேன். பாதைக்கு உள்ள விதி எனக்கு அப்போது தெரியாது.

காற்றாலை எழுந்து நின்று சுற்றத் தொடங்கியதும் விதி வெளியே வந்தது. அது தற்காலிகப் பாதை. வேலை முடிந்தால் சரளையை அள்ளி, மண்ணைக் கிளறி, நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து வேலி போட வேண்டும். எங்கள் ஜீப் போக மேற்கே வேறு தளத்தின் வழியாக ஒரு தடம் இருந்தது. நான் சாரிடம் போனேன்.

"சார், இந்த ஊருக்கு நாம செஞ்சதிலேயே உருப்படியானது இந்தப் பாதைதான். இதை ஏன் தோண்டணும்?"

"தாஸ், அது நன்மைக் கணக்குலயே இல்லீங்களே" என்றார் ரொம்பச் சாந்தமாக. "பாதைன்னு ஒண்ணைத் திறந்து விட்டமுன்னா, நாளைக்கு உரிமைன்னு வந்து நிப்பாங்க. நிலம் வச்சிருக்கறவனுக்குத்தானுங்க அந்தக் கஷ்டம் தெரியும். நீங்க கவலைப்படாதீங்க, ஊருக்கு வேற ஒண்ணு பண்ணிரலாமுங்க."

அந்த வேற ஒண்ணு ஓர் அலங்கார வளைவு. ஊர் வாசலில், இரண்டு தூண் எழுப்பி, மேலே கம்பெனி பெயர் போட்டு. வழியில்லாத ஊருக்கு வாசல் கட்டித் தருகிற யோசனை அவருக்கு இயல்பாக வந்தது. வளைவுக்கு அடியில் எப்படி வருவார்கள் என்று கேட்க எனக்கு வாய் வந்தது, முழங்காலை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

ஜேசிபி வேறு தளத்தில் இருந்ததால் தோண்டும் வேலை தள்ளிப்போயிற்று. அதுவரை வண்டி எதுவும் நுழையக்கூடாதென்று, பாதை நெடுஞ்சாலையில் சேருகிற இடத்தில் இரண்டு கம்பம் நட்டு, குறுக்கே சங்கிலி போட்டுப் பூட்டினார்கள். காவலுக்கு ஆள் வேண்டும். உள்ளூர் வேலைவாய்ப்பும் ஒரு நன்மை என்பதால் முள்ளடிவிளையிலிருந்தே எடுக்கச் சொன்னார்கள். வேலை வெட்டி இல்லாமல் சும்மா இருக்கிற ஆண் அந்த ஊரில் ஒரே ஒருவர்தான் அகப்பட்டார். பேச்சிமுத்து. சரசக்காவின் புருஷன்.

பேச்சிமுத்துவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்டவர் இல்லை, குடியில்லை, சண்டையில்லை. வேலை மட்டும் செய்ய மாட்டார். மனைவி கடவத்தைத் தலைக்குத் தூக்கத் தடுமாறிக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் படுத்துக்கொண்டு, கொஞ்சம் இடது பக்கம் சாய்த்துத் தூக்கு என்று யோசனை சொல்கிற மனிதர். அப்படிப்பட்டவருக்கு நீலச் சட்டையும் தொப்பியும் ஒரு விசிலும் கொடுத்து, குடைக்கு அடியில் நாற்காலி போட்டு, சங்கிலியின் சாவியையும் கொடுத்தோம். மனிதர் ஒரே நாளில் மாறிவிட்டார். சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். வேலைக்கு ஒரு நாள் தவறியதில்லை. அந்தக் கடமையுணர்வை அதற்கு முன் அறுபது வருடம் எங்கே வைத்திருந்தாரோ தெரியாது.

டெம்போ முதல் முறையாகத் தடுக்கப்பட்ட காலையில் நான் அங்கே இருந்தேன். ஊரிலிருந்து நடந்து வந்த சரசக்கா சங்கிலிக்கு இந்தப் பக்கம் நின்றாள். டெம்போ அந்தப் பக்கம். நடுவில் பேச்சிமுத்து விசிலை ஊதினார்.

"ஓய், என்ன கூத்து இது? சங்கிலிய அவுரும்" என்றாள்.

"வண்டிக்கு அனுமதி இல்ல. ஆளு நடந்து போலாம்."

"நடந்து போறதுக்கு எனக்கு நீரு அனுமதி தாறீரோ? பூ விரிஞ்சிட்டு இருக்கு. அவுரும்."

"ரூல்ஸுன்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். பொண்டாட்டின்னு பாக்க முடியாது. தாஸ் சாரு இங்கதான நிக்காரு, கேட்டுப் பாரு."

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதவில்லை. "வீட்டுல ஒரு பானைய நகத்தி வச்சதில்ல, இங்க வந்து சங்கிலியப் பிடிச்சிட்டு நிக்கான்" என்று ஊருக்கே கேட்கிறாற்போல் சொல்லிவிட்டு, திரும்ப ஊருக்கு நடந்து, கடவத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அன்று போன பூ பாதி விரிந்த பூ. அதற்கப்புறம் தினமும் அப்படித்தான். மதியம் புருஷனுக்குச் சோறும் அவள்தான் கொண்டுவந்து கொடுத்தாள். தூக்குச் சட்டியைச் சங்கிலிக்கு மேலாக நீட்டுவாள், அவர் வாங்கியதும் திரும்பி நடப்பாள்.

கடைசியில் ஜேசிபி வருகிற தேதி வந்தது. அதை ஊருக்குச் சொல்ல வேண்டியது என் உத்தியோகம். சரசக்கா புதுச் செடிகளுக்கு நடுவே நின்று களை எடுத்துக்கொண்டிருந்தாள். செடிகளில் அப்போதுதான் மொட்டு பிடிக்கத் தொடங்கியிருந்தது. நாளை மறுநாள் தோண்டுகிறார்கள் என்றேன். அவள் நிமிரவில்லை.

"நடந்து போறதுக்காவது விடுவானா?"

"வேலி போடுவாங்க அக்கா."

"அப்போ பழையபடி கால்வாக் கரை." கொஞ்ச நேரம் களை பிடுங்கினாள். "இந்தச் செடி பூத்தா நாலு ஆளு தூக்கணும். கரை வழியா நான் ஒருத்தி எத்தன நடை நடப்பேன்? வயசு திரும்பியா வருது? மக்கா, நீ எங்க ஆளா கம்பெனி ஆளா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. சாரிடம் திரும்பவும் பேசுகிறேன் என்றேன். பேசினேன். நல்ல யோசனைங்க என்றார்.

மறுநாள் மதியம், சாப்பாட்டுக்கு முன்னால், பேச்சிமுத்து குடைக்கு அடியில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே செத்துப்போனார். நெஞ்சுவலி. தூக்குச் சட்டியோடு வந்த சரசக்காதான் முதலில் பார்த்தாள். விசில் கழுத்துக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்ததாம். சங்கிலி ஒழுங்காகப் பூட்டியிருந்தது.

கம்பெனி முறைப்படி பணியாளர் மரணத்துக்கு மலர்வளையம் வைக்க வேண்டும். வரதராஜன் சாரே வருவதாகச் சொன்னார். மலர்வளையத்தின் குறுக்கே ரிப்பனில் பெயர் போட நிறைய இடம் உண்டு. நான் முன்கூட்டியே போய்விட்டேன். மறுநாள் சாயங்காலம் எடுக்க ஏற்பாடு. அதே நாளில் ஜேசிபியும் வந்து நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றது. சாவு எடுத்து முடியட்டும் என்று டிரைவர் காத்திருந்தான். அவனுக்கு இருந்த இங்கிதம் அது.

அங்கே பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. தெருமுக்கு வரை அழுதுகொண்டு வந்து, அங்கிருந்து திரும்பிவிடுவார்கள். முள்ளடிவிளைச் சுடுகாடு கால்வாய் ஓரம். முக்கில் இடது பக்கம் திரும்பிக் கரை வழியாகப் போக வேண்டும். வலது பக்கம் திரும்பினால் எங்கள் பாதை. அது சுற்றுவழி. நெடுஞ்சாலைக்குப் போய், சங்கிலியைத் தாண்டி, நெடுஞ்சாலை ஓரமாகவே நடந்து, பிறகு கால்வாய்க்கு இறங்க வேண்டும். பாடையைத் தூக்கியவர்கள் வழக்கம்போல இடது பக்கம் திரும்பினார்கள்.

சரசக்கா முக்கில் நிற்கவில்லை. கொட்டுக்காரர்களைத் தாண்டிப் போய்ப் பாடைக்கு முன்னால் நின்றாள். அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் அவளுக்கு வரவில்லை என்று பெண்கள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்தப் பக்கம் போவாண்டாம்" என்றாள். "இந்தப் பக்கம் கொண்டு போங்க. அவரு வேல பாத்த வழி."

கொட்டு நின்றது. முன்னால் தூக்கியிருந்தவர் அவள் கொழுந்தன். அவளையும் பாதையையும் மாறி மாறிப் பார்த்தார். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்துவிட்டது. எனக்கும் புரிந்தது. எங்கள் பக்கமெல்லாம் ஒரு பிடிவாதமான நம்பிக்கை உண்டு. ஒரு நிலத்தின் வழியாக ஒரு முறை பிணம் போய்விட்டால், அது அப்புறம் பொதுவழி. யாரும் அடைக்கக்கூடாது. சட்டத்தில் அப்படி இருக்கிறதா என்று யாரும் பார்த்ததில்லை. அதற்குப் பயந்துதான் நிலம் வைத்திருப்பவர்கள் சாவு என்று கேட்டதும் தங்கள் வரப்பில் ஆளை நிறுத்திவிடுவார்கள். கொழுந்தன் வலது பக்கம் திரும்பினார். கொட்டு முன்னைவிட வேகமாகத் தொடங்கியது.

நான் கூடவே நடந்தேன். என் கடமை என்னவென்று எனக்குத் தெரியும். ஓடிப்போய் நிறுத்தியிருக்க வேண்டும். முழங்கால் ஒத்துழைக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சங்கிலிக்கு அந்தப் பக்கம் சாரின் ஜீப் வந்து நின்றிருந்தது. கண்ணாடி ஏற்றியிருந்தது, மடியில் மலர்வளையம். பாடை உள்ளேயிருந்து தன்னை நோக்கி வருவதை அவர் முதலில் மரியாதையோடுதான் பார்த்தார். பிறகு அவர் முகம் மாறியது. கதவைத் திறந்துகொண்டு இறங்கி ஓடிவந்தார். காற்று அவர் முடியை மொத்தமாகத் தூக்கி நிறுத்தியது. அதைப் பிடிக்கக்கூட அவர் கையைத் தூக்கவில்லை.

"தாஸ், நிறுத்தச் சொல்லுங்க. அந்தப் பக்கமாப் போகச் சொல்லுங்க. இது நம்ம இடமுங்க" என்றார். அவர் அத்தனை நேராகப் பேசி நான் அன்றுதான் கேட்டேன்.

பாடை சங்கிலிக்கு முன்னால் வந்து நின்றது. சரசக்கா தன் மடியிலிருந்து சாவியை எடுத்தாள். குளிப்பாட்டும்போது அரைஞாணிலிருந்து அவிழ்த்து வைத்திருக்கிறாள். சார் சங்கிலிமேல் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, பாடிய இப்படிக் கொண்டுவரக் கூடாதுங்க. பாத்துப் பேசி ஏதாச்சும் பண்ணிரலாமுங்க."

"பண்ணுங்க சாரே" என்றாள். "மொதல்ல கைய எடுங்க. உங்க வாட்ச்மேனு டூட்டி முடிஞ்சு போறாரு."

தோளில் பிணத்தோடு நிற்பவர்களை எதிர்த்து நிற்க எந்த ஊரிலும் யாராலும் முடியாது. சார் கையை எடுத்தார். அவள் பூட்டைத் திறந்து, சங்கிலியைக் கீழே போட்டு, ஓரமாக விலகி நின்றாள். பேச்சிமுத்து தான் காவல் காத்த இடத்தை ஒரு விசில் சத்தமும் இல்லாமல் தாண்டிப் போனார். ஜேசிபி டிரைவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டான். மலர்வளையம் ஜீப்பிலேயே இருந்தது, வைக்க யாருக்கும் ஞாபகமில்லை.

அலுவலகத்தில் சார் தண்ணீர் குடித்துவிட்டுப் பேசினார். அவர்கள் தோட்டத்திலும் இப்படி ஒன்று நடந்ததாம். தாத்தா காலத்தில் யாரோ அசந்த நேரத்தில் ஒரு பாடை குறுக்கே போய்விட, அந்த வழியை இன்றுவரை அடைக்க முடியவில்லையாம். பக்கத்துத் தோட்டத்தில் சாவென்றால் தானே சின்ன வயதில் கம்போடு வரப்பில் நின்றிருக்கிறாராம். "பொணம் போன பாதையில ஜேசிபி விட முடியுங்களா? எந்த டிரைவர் ஏறுவான்? ஊரே வந்து நிக்குமுங்க" என்றார். பிறகு என்னை உற்றுப் பார்த்தார். "நீங்க இந்த ஊருக்காரரு. உங்களுக்கு இது தெரியாதுங்களா?"

"எங்களுக்குக் கல்லறைத் தோட்டம் சார். நாங்க வேன்ல போவோம்" என்றேன்.

ஜேசிபி திரும்பிப் போயிற்று. தலைமை அலுவலகத்துக்குச் சார் என்ன விளக்கம் எழுதினார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அடுத்து வந்த கம்பெனி ஆண்டு மலரில் அந்தப் பாதையின் படம் வண்ணத்தில் வந்தது. மக்களின் தேவையைக் கேட்டறிந்து நிறுவனம் அமைத்துத் தந்த இணைப்புச் சாலை என்று அடியில் எழுதியிருந்தார்கள். பார்க்க எனக்கே நம்பத் தோன்றியது. சாருக்குப் பாராட்டும் வந்தது, பதவி உயர்வும் வந்தது. அலங்கார வளைவைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை.

ஓணத்துக்கு முந்தைய நாட்களில் ஒன்றில் தோவாளைச் சந்தையில் சரசக்காவைப் பார்த்தேன். மலையாளத்து வியாபாரிகள் மொய்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் பூ மொட்டுமொட்டாக, ஓர் இதழ் விரியாமல், தராசில் ஏறிக்கொண்டிருந்தது. வெளியே அவள் டெம்போ நின்றது. கணவன் இல்லாதவள் கையால் பூ விற்கலாமா என்று ஊரில் யாரோ கேட்டதற்கு, தலையில் வைக்கத்தானே கூடாது, விற்கவுமா கூடாது என்று திருப்பிக் கேட்டிருக்கிறாள். என்னை ஓரமாக உட்காரவைத்து டீ வாங்கித் தந்தாள். ரொம்ப நாளாக என் மனதில் இருந்ததைக் கேட்டேன்.

"அக்கா, அந்தத் துக்கத்துல உமக்கு எப்படி அந்த யோசனை வந்தது?"

"யோசனையா?" என்றாள். டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தாள். கண் நிறைந்து வழிந்தது. துடைக்கவில்லை. "என்னக் கெட்டின நாள்லேருந்து அந்த மனுசன் எனக்குண்ணு ஒரு அடி எடுத்து வச்சதில்ல மக்கா. அண்ணைக்குத்தான் முழுசா ஒரு வழி நடந்து தந்தாரு."

பிறகு முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தாள்.

"அதுக்கும் நாலு பேரு தூக்க வேண்டியிருந்து" என்றாள்.